முதல் கத்தியின் பொறுப்பு
குழந்தைகளின் பிறவிக் கழுத்துப் புரைகளுக்கான அறுவை மருத்துவம் – ஒரு மதிப்பீடு

குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டும்போது கழுத்தின் கீழ்ப்பகுதியில் குண்டூசி முனையளவு துளை ஒன்று தாயின் கண்ணில் படுகிறது. அழுத்தினால் கஞ்சித் தெளிவுபோல வழவழப்பாக ஒரு சொட்டு வருகிறது. வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பிறகு சளிபிடித்த ஏதோ ஒரு வாரத்தில் அந்த இடம் சிவந்து வீங்குகிறது. பக்கத்து மருத்துவமனையில் கீறிச் சீழை வெளியேற்றுகிறார்கள். புண் ஆறுகிறது; சில மாதங்களில் மறுபடி வீங்குகிறது. இரண்டு மூன்று சுற்றுகளுக்குப் பிறகே, இது தோலில் வந்த கட்டி அன்று, பிறப்பதற்கு முன்பே கழுத்துக்குள் உண்டான ஒரு குழல் என்பது தெரியவருகிறது.

உள்ளே குழல்போல ஓடும் புண்ணைத் தமிழில் புரை என்கிறோம். குற்றம் என்பதற்கும் அதே சொல் உண்டு. வெளியே சிறிய வாய், உள்ளே நீண்ட பாதை. வாயை அடைத்தால் பாதை அடையாது. இந்த ஒரு உண்மையை மருத்துவர்கள் முழுமையாக உணர்வதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பிடித்தன. உணர்ந்த பிறகும் எல்லா அறுவை அரங்குகளிலும் அது கடைப்பிடிக்கப்படுவதில்லை.

கழுத்துப் புரைகளுக்கான இன்றைய அறுவை முறைகளின் பலம் ஒரே அறிவில் அடங்கியிருக்கிறது: கரு எந்த வழியில் வளர்ந்ததோ அந்த வழியிலேயே கத்தியும் போக வேண்டும். அவற்றின் பெரும்பாலான தோல்விகளும் அந்த வழியை அறியாமல், கண்ணில் பட்டதை மட்டும் வெட்டுவதிலிருந்து வருகின்றன. ஆகவே எந்த முறை சிறந்தது என்று கேட்பதற்கு முன்னால், முதல் தடவை கத்தி எடுத்தவர் எதை அறிந்து எடுத்தார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கரு விட்டுச்சென்ற தடம்

1825-இல் ஜெர்மானிய உயிரியலாளர் மார்ட்டின் ராத்கே, பன்றியின் கருவில் மீனின் செவுள் பிளவுகளை ஒத்த அமைப்புகளைக் கண்டு எழுதினார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1832-இல், ஆஷர்சோன் என்ற மருத்துவர் பிறவிக் கழுத்துப் புரைகளைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் வெளியிட்டு, அவற்றுக்கும் இந்தப் பிளவுகளுக்கும் உள்ள உறவைச் சொன்னார். கருவியல் பிறந்த கையோடு இந்த நோயின் விளக்கமும் பிறந்துவிட்டது. அறுவை மருத்துவம்தான் பின்தங்கி வந்தது.

மனிதக் கருவின் நான்காவது வாரத்தில் கழுத்துப் பகுதியில் வளைவுகள் அடுக்கடுக்காகத் தோன்றுகின்றன. மீனுக்கு இவற்றில் செவுள்கள் உருவாகின்றன. நமக்கோ தாடை, காது, நாவடி எலும்பு, குரல்வளை ஆகியவற்றின் பகுதிகள் உருவாகின்றன. இரண்டாவது வளைவு மற்றவற்றைவிட விரைந்து வளர்ந்து, கீழுள்ள பிளவுகளின் மேல் திரைபோல இறங்கி மூடிக்கொள்கிறது. மூடிய இடத்தில் எஞ்சும் வெற்றிடம் மறைந்துபோக வேண்டும். மறையாவிட்டால் அது நீர்க்கட்டியாகவோ, ஒருபக்கம் திறந்த பொந்தாகவோ, இருபக்கமும் திறந்த குழலாகவோ நின்றுவிடுகிறது.

கழுத்தின் நடுக்கோட்டில் நடப்பது வேறு கதை. தைராய்டு சுரப்பி கழுத்தில் பிறப்பதில்லை. நாக்கின் அடியிலுள்ள ‘குருட்டுத்துளை’ என்ற சிறு குழிவில் தோன்றி, ஏழாவது வாரத்துக்குள் கழுத்தின் முன்புறம் வழியாகத் தன் இடத்துக்கு இறங்கி வருகிறது. வரும் வழியில் விட்டுச்சென்ற மெல்லிய குழாய் பத்தாவது வாரத்துக்குள் கரைந்துவிட வேண்டும். அதே காலத்தில்தான் நாவடி எலும்பும் உருவாகிறது. எனவே கரையாமல் நின்ற குழாய் எலும்பின் முன்புறத்தையோ பின்புறத்தையோ ஒட்டி, சில வேளைகளில் எலும்புக்குள்ளேயே புகுந்து ஓடுகிறது. பின்னாளில் அறுவை மருத்துவர்கள் பட்ட பாட்டுக்கெல்லாம் இந்தப் பின்னலே காரணம்.

நடுக்கோடு: சிஸ்ட்ரங்க் தந்த தீர்வு

நடுக்கழுத்தில், நாக்கை நீட்டும்போதும் எச்சில் விழுங்கும்போதும் மேலேறி இறங்கும் உருண்டை இந்த வகையின் அடையாளம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மருத்துவர்கள் அந்த உருண்டையை மட்டும் எடுத்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது திரும்பி வந்தது. 1893-இல் ஜெர்மனியின் ஷ்லாங்கே நாவடி எலும்பின் நடுத்துண்டையும் சேர்த்து எடுத்தார். திரும்பி வருவது ஐந்தில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்தது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பணியாற்றிய வால்ட்டர் சிஸ்ட்ரங்க் 1920-இல் அடுத்த அடியை எடுத்துவைத்தார். எலும்பின் நடுத்துண்டோடு நிறுத்தாமல், அங்கிருந்து நாக்கின் அடிவரை செல்லும் தசையையும் ஒரு தண்டுபோலக் குடைந்து எடுத்தார். 1928-இல் முறையைத் திருத்தி மறுபடி எழுதினார்.

சிஸ்ட்ரங்கின் நுட்பம் அவர் தேடாமல் விட்டதில் இருக்கிறது. எலும்புக்கு மேலே குழாய் நூலிழையாகிவிடுகிறது, கண்ணுக்குத் தெரியாது, தொட்டால் அறுந்துவிடும். அதைத் தனியே பிரிக்க முயன்றவர்கள் எல்லாரும் பாதியைத் தொலைத்தார்கள். அவரோ அது எங்கே இருக்கக்கூடுமோ அந்தத் திசு முழுவதையும் எடுத்தார். கண்ணில் படாததைக் கருவியல் அறிவால் பிடித்த அறுவை இது. தேர்ந்த கைகளில் இன்று நோய் திரும்புவது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே. பெரும்பாலான தொகுப்புகளில் பத்துக்கும் கீழே. நூறு ஆண்டுகளாக அடிப்படை மாறாமல் நிற்கும் அறுவை முறைகள் அதிகம் இல்லை.

நலமாக உள்ள குழந்தையின் எலும்பை வெட்டி எடுப்பதா என்று பெற்றோர் கலங்குவது இயல்பு. கேட்க வேண்டிய கேள்வியும்கூட. நடுத்துண்டு போன பிறகும் குழந்தை விழுங்குகிறது, பேசுகிறது, பாடுகிறது. நிலையான குறை எதுவும் ஏற்படுவதில்லை. எலும்பை மிச்சம் பிடித்து அறுவையைச் சுருக்கினால், வடுவும் அழற்சியும் நிறைந்த கழுத்தில் இரண்டாவது தடவை கைவைக்க நேரும். இழப்பையும் ஆதாயத்தையும் எடைபோட்டால் தராசு தெளிவாகவே ஒரு பக்கம் சாய்கிறது.

ஆனாலும் இந்த முறை குறையற்றது என்று சொல்ல மாட்டேன். மூன்று இடங்களில் அது சறுக்குகிறது.

முதலாவது, பெயர் மட்டும் சிஸ்ட்ரங்க் என்றிருக்கும் அறுவைகள். எலும்பில் சிறு துண்டை எடுத்துவிட்டு, மேலே நாக்கடி வரையான தசைத் தண்டை மெல்லியதாகவோ அரைகுறையாகவோ எடுத்தால் அது ஷ்லாங்கேயின் காலத்துக்கே திரும்பிப் போவதாகும். 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானிய அறுவை மருத்துவர்கள், எடுத்த திசுக்களை அடுக்கடுக்காகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்து, குழாய் ஒற்றைக் கோடாக மட்டும் ஓடாமல் எலும்பின் அருகே மரக்கிளைபோலப் பிரிவதைக் காட்டினார்கள். கிளைகள் இருக்கும் இடத்தில் தண்டை மட்டும் எடுத்தால் கிளை தளிர்க்கும். மறுஅறுவைக்கு வரும் குழந்தைகளுக்குத் தண்டின் அகலத்தைக் கூட்ட வேண்டும் என்று வலியுறுத்தப்படுவது இதனால்தான்.

இரண்டாவது, மிகச் சிறிய குழந்தைகளின் உடற்கூறு. கைக்குழந்தையின் நாவடி எலும்பு கீழே இறங்கி, குரல்வளைக் குருத்தெலும்பின் மேல் கவிந்திருக்கும். அனுபவம் குறைந்த கை ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிட்டால் வெட்டு மூச்சுப் பாதையில் விழும். அரிது என்றாலும், நடந்திருக்கிறது. வாழ்நாள் முழுவதும் குழந்தையின் குரலையும் மூச்சையும் பாதிக்கும் பிழை அது.

மூன்றாவது, கட்டி என்று நினைத்தது கட்டியாக இல்லாமற்போவது. சில குழந்தைகளில் தைராய்டு முழுவதுமே பாதி வழியில் நின்றுவிட்டிருக்கும். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். அதை எடுத்துவிட்டால் உடலில் இருந்த ஒரே தைராய்டும் போய்விடுகிறது. பிறகு ஆயுள் முழுவதும் தைராய்டு மாத்திரைதான். தைராய்டு அதன் இடத்தில் இருக்கிறதா என்று அறுவைக்கு முன் ஓர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் சொல்லிவிடும். செலவு குறைவு, வலியில்லை, கதிர்வீச்சும் இல்லை. இந்த ஸ்கேன் பார்க்காமல் நடுக்கழுத்தில் கத்தி வைப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை.

பக்கக் கழுத்து: தமனிகளுக்கு நடுவே ஒரு பயணம்

செவுள் வளைவுகளிலிருந்து வரும் குறைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் இரண்டாவது வளைவைச் சேர்ந்தவை. கழுத்தின் பக்கத்தில் புடைத்து ஓடும் பெரிய தசையின் முன்விளிம்பில், கீழ்ப்பகுதியில் துளை இருக்கும். முழுப் புரையாக இருந்தால் பாதை மேலேறி, மூளைக்குச் செல்லும் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் கவையின் நடுவே நுழைந்து, நாக்கை அசைக்கும் நரம்பைக் கடந்து, தொண்டைக்குள் டான்சில் படுக்கையில் திறக்கும். வெளியே குண்டூசி முனையளவே தெரியும் ஒன்று உள்ளே உயிர்நிலைகளின் ஊடாகப் போகிறது.

இங்கே பெருமைப்படத்தக்க தீர்வு ‘படிக்கட்டு’ வெட்டு. முழுப் பாதையையும் திறந்து பார்க்கக் கழுத்தில் நீளமாகக் கீறினால் தழும்பு குழந்தையோடு சேர்ந்து வளரும். இங்கிலாந்தின் ஹாமில்டன் பெய்லி 1930-களில், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சிறு குறுக்கு வெட்டுகள் வழியாகக் குழலைப் படிப்படியாக மேலே இழுத்துச் செல்லும் முறையை விளக்கினார். தோலின் இயல்பான மடிப்பில் மறையும் தழும்பு, முழுப் பாதையும் கண்முன்னே, நரம்பும் தமனியும் பார்வைக்குள். நோய்த்தொற்று வராத கழுத்தில், முதல் முறையிலேயே குழலை முழுதாக எடுத்தால் அது திரும்புவது மிகக் குறைவு. ஏற்கெனவே தொற்று வந்த, அல்லது ஒருமுறை வெட்டப்பட்ட கழுத்தில் இந்தக் கணக்குப் பல மடங்கு மோசமாகிறது. அதே அறுவை, அதே நோய். நடுவில் மாறியது கழுத்தின் வரலாறு ஒன்றுதான்.

குழலுக்குள் நீல மையைச் செலுத்திப் பாதையை அடையாளம் காணும் வழக்கம் பரவலாக இருக்கிறது. உதவுவதும் உண்டு. ஆனால் நடுவில் சளி அடைத்திருந்தால் மை மேலே போகாது. பாதை அங்கேயே முடிந்ததாகத் தோன்றும். அழுத்திச் செலுத்தினால் குழல் கிழிந்து சுற்றியுள்ள திசு முழுவதும் நீலமாகிவிடும். எது குழல், எது திசு என்று பிரித்தறியும் வாய்ப்பே போய்விடும். மெல்லிய கம்பியை உள்ளே விட்டுப் பார்ப்பதிலும் இதே ஆபத்து இருக்கிறது: வலிந்து தள்ளினால் இல்லாத பாதையை அதுவே உண்டாக்கும். கருவிகள் கருவியல் அறிவுக்குத் துணைநிற்கலாம். அதன் இடத்தைப் பிடிக்க முடியாது.

முதல் வளைவின் குறைகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு, ஆபத்தில் கூடுதல். காதின் கீழே, தாடைக் கோணத்தை ஒட்டி ஒரு துளை. சில குழந்தைகளுக்குச் செவிப்பறையில் ஓட்டை இல்லாமலேயே காதில் சீழ். பாதை முக நரம்பின் கிளைகளோடு பின்னிக் கிடக்கும்; மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம், கிளைகளுக்கு நடுவிலும் நுழையலாம். இங்கே அறுவையின் முதல் வேலை நரம்பைத் தேடித் திறந்துவைத்துக்கொள்வது. குழலை எடுப்பது அதற்குப் பிறகுதான். இதைச் செய்யாமல், சீழ்க்கட்டி என்று எண்ணிக் கீறி, பிறகு ‘சிறு அறுவை’ என்று அவசரமாக எடுக்கப்போன இடங்களில் குழந்தையின் முகம் ஒரு பக்கமாகக் கோணிவிடும் ஆபத்து இருக்கிறது. அந்தக் குழந்தை சிரிக்கும்போதெல்லாம் அந்த அவசரம் தெரியும்.

பலரும் தவறவிடும் ஒன்று உண்டு. கழுத்தின் இருபுறமும் துளை இருந்தாலோ, காதுக்கு முன்னால் சிறு குழியும் சேர்ந்திருந்தாலோ, பெற்றோரில் ஒருவருக்கும் அதே குறை இருந்தாலோ, அது கழுத்தோடு நிற்காமல் இருக்கலாம். காது கேளாமையும் சிறுநீரகக் குறைபாடும் சேர்ந்து வரும் மரபுவழி நோய்க்கூட்டம் ஒன்றை 1970-களில் மருத்துவர்கள் விவரித்தார்கள். ஈ.ஒய்.ஏ-1 என்ற மரபணுவின் பிறழ்வு இதற்கு ஒரு காரணம் என்பது 1997-இல் தெரியவந்தது. பாதிக்கப்பட்ட பெற்றோரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் செல்லும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. கழுத்துத் துளையை நேர்த்தியாக எடுத்துத் தைத்துவிட்டு, செவித்திறனைச் சோதிக்காமல் அனுப்புவது பாதி மருத்துவம். பேச்சு வர வேண்டிய வயதில் கேளாமையைக் கண்டுபிடிக்கத் தவறினால், கழுத்தில் அடைந்த வெற்றிக்கு அந்தக் குழந்தை கொடுக்கும் விலை மிகப் பெரிது.

இடப்பக்கக் கழுத்தின் பாடம்

இந்தத் துறையின் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரியும் இடம், குரல்வளையை ஒட்டிய பைரிஃபார்ம் குழியிலிருந்து தொடங்கும் புரை. மூன்றாவது, நான்காவது வளைவுகளின் எச்சம் இது. பத்தில் ஒன்பது இடப்பக்கமே வருகிறது. வெளியே துளை இருப்பதில்லை. குழந்தைக்கு இடக்கழுத்தில், தைராய்டின் மேல்முனை அருகே, திடீரென வீக்கமும் காய்ச்சலும் விழுங்க வலியும் வரும். தைராய்டில் சீழ் பிடிப்பது குழந்தைகளில் அரிது. இடப்பக்கம் மட்டும் திரும்பத் திரும்பப் பிடித்தால் உள்ளே வாசல் இருக்கிறது என்று பொருள். ஜப்பானைச் சேர்ந்த தகாய், மியாவுச்சி முதலியோர் 1979-இல் இந்த உள்வாசலே தொற்று நுழையும் வழி என்று காட்டும்வரை, வெளிப்பக்கமே பார்த்துக் கீறிக்கொண்டிருந்தார்கள்.

அப்படிக் கீறுவதன் பலன் என்ன? நான்காவது வளைவுக் குறைகளைப் பற்றி அதுவரை பதிவான நிகழ்வுகளைத் திரட்டி 2009-இல் வெளிவந்த ஒரு மதிப்பாய்வு கணக்குச் சொல்கிறது. கீறிச் சீழை வடித்ததோடு விட்டவர்களில் நூற்றுக்கு 89 பேருக்கு நோய் திரும்பியது. கழுத்தைத் திறந்து குழலை எடுத்தவர்களில் 15 பேருக்கு. தைராய்டின் ஒரு பகுதியையும் சேர்த்து எடுத்தவர்களில் 8 பேருக்கு. வாய்வழியே உள்நோக்கியைச் செலுத்தி உள்வாசலை மட்டும் சுட்டு அடைத்தவர்களிலும் 15 பேருக்குத்தான்.

கடைசி எண்ணை நின்று கவனிக்க வேண்டும். இந்தச் சுடுமுறையை அமெரிக்க மருத்துவர்கள் சிலர் 1998-இல் முன்வைத்தார்கள். பிறகு கொரியாவில் ட்ரைகுளோரோ அசெட்டிக் அமிலத்தைத் தடவி வாசலை மூடும் முறையும் வந்தது. கழுத்தில் கீறல் இல்லை. குரல் நரம்பின் அருகே கத்தி போவதில்லை. தவறினால் மறுபடி செய்யலாம். திறந்த அறுவையால் வந்த பாதிப்புகள் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் அதிகம் என்பதை நினைத்தால், முதல் முயற்சியாக உள்நோக்கி வழியே போவதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது முன்னே சொன்னதற்கு முரண்போலத் தோன்றும். சிஸ்ட்ரங்க் முழுவதையும் எடுக்கச் சொன்னார். இங்கே எதையும் எடுக்காமல் வாசலை மட்டும் மூடுகிறோம். முரண் இல்லை. இரண்டு இடத்திலும் நோயின் வேர் எது என்ற கேள்வியே முடிவைத் தருகிறது. நடுக்கழுத்தில் எஞ்சிய திசுவே நோய். பைரிஃபார்ம் புரையில் வாயிலிருந்து கிருமி இறங்கும் வாசல்தான் நோய். அது மூடினால் உள்ளிருக்கும் குழல் பெரும்பாலும் அமைதியாகிவிடுகிறது. வெட்டின் அளவு அறுவையின் தரத்தைக் காட்டாது. வேரைச் சரியாக அறிந்தவர் சில இடங்களில் நிறைய எடுக்கிறார், சில இடங்களில் ஒன்றுமே எடுப்பதில்லை.

அறுவைக்கு முந்தைய தவறுகள்

இதுவரை சொன்னவை அறுவை அரங்குக்குள் நடப்பவை. என் பெரிய மனக்குறை அரங்குக்கு வெளியே நடப்பதைப் பற்றியது.

நடுக்கழுத்தில் காணும் புரைகள் பெரும்பாலும் பிறவியிலேயே புரையாக வருவதில்லை. தைராய்டுக் குழாய்க்குத் தோலில் திறக்கும் வாய் இயல்பில் கிடையாது. நீர்க்கட்டியில் சீழ் பிடித்துத் தானாக உடைந்தோ, கீறிவிடப்பட்டோ, அரைகுறையாக எடுக்கப்பட்டோ பிறகே துளை உண்டாகிறது. பிறவிக் குறை என்று நாம் எழுதிவைக்கும் ஒன்றில் ஒரு பகுதியை நாமே உண்டாக்குகிறோம். சீழ் மூச்சை அடைக்கும் நிலையில் கீறித்தான் ஆக வேண்டும். அதில் இரண்டாவது கருத்து இல்லை. மற்ற நேரங்களில் கிருமிக்கொல்லி மருந்தும், தேவைப்பட்டால் ஊசியால் சீழை உறிஞ்சுவதும், அழற்சி அடங்கச் சில வாரங்கள் பொறுத்திருந்து முழு அறுவை செய்வதும்தான் சரியான வழி. கீறுவதற்கு ஐந்து நிமிடம் போதும். அதன் வடுவில் குழலைத் தேடுவதற்குப் பின்னால் வருபவர் மணிக்கணக்கில் உழைக்க வேண்டும்.

நம் நாட்டுக்கே உரிய குழப்பம் ஒன்றும் இருக்கிறது. கழுத்தில் நெறிகட்டி உடைந்து ஆறாமல் ஒழுகுவதைக் கண்டமாலை என்று நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். காசநோய் இன்றும் நம்மிடையே மிகுதியாக இருப்பதால் மருத்துவர் முதலில் அதை நினைப்பது பிழையன்று. பிழை, திசுவையோ சீழையோ சோதிக்காமல் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரைகளைத் தொடங்கிவிடுவது. பிறந்ததிலிருந்தே இருக்கும் துளையா, பிறகு வந்ததா என்று தாயிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாலே பல குழந்தைகளுக்கு வழி திறக்கும். மாறாக, பிறவிக் குழல் என்று நினைத்ததில் உண்மையாகவே காசநோய் இருப்பதும் உண்டு. எடுத்த திசுவை நுண்ணோக்கிச் சோதனைக்கு அனுப்பாமல் விடுவதற்கு எந்த அறுவையிலும் இடமில்லை.

ஆசனவாயில் வரும் பௌத்திரத்துக்குக் காரநூல் கட்டும் மரபு நம்மிடம் உண்டு. பல நோயாளிகளுக்கு அது பயன் தருகிறது. அந்த அனுபவத்தை வைத்துக் கழுத்துத் துளைக்கும் மருந்து வைத்து ஆற்றலாம் என்று சிலர் நம்புகிறார்கள். பௌத்திரம் சீழ் தோண்டிய பாதை. நூல் மெல்ல அறுக்க அறுக்கப் பின்னாலேயே தசை ஆறிவரும். கழுத்துக் குழலோ உள்ளே தோல்போன்ற சவ்வு விரித்த, கருவிலேயே அமைந்த பாதை. சவ்வு இருக்கும்வரை அது சுரந்துகொண்டே இருக்கும். போதாக்குறைக்குக் கரோட்டிட் தமனியின் அருகே ஓடுகிறது. ஓரிடத்தில் நல்ல மருந்து மற்றோரிடத்தில் ஆபத்தாகலாம்.

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம், பிறவிக் குறைகளைப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் தேடிப் பிடிக்கிறது. அன்னப்பிளவு, பிறவிக் கேளாமை, இதயக் குறை என அதன் பட்டியலில் உள்ளவை பெரியவை; முன்னுரிமை பெறத் தகுந்தவை. கழுத்துத் துளை அதில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. தனிப்பட்டியல் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. குழந்தையின் காதையும் அண்ணத்தையும் பார்க்கும் அதே கண், இரண்டு நொடி கழுத்தையும் பார்த்தால் போதும். சீழ் பிடிப்பதற்கு முன்பே குழந்தை உரிய இடத்துக்குப் போய்ச் சேரும்.

வெற்றி என்பதை எதை வைத்து அளப்பது?

இந்த அறுவைகளின் தரத்தைப் பற்றிய நம் அறிவு எங்கிருந்து வருகிறது என்பதையும் திறனாய்வு கேட்க வேண்டும். பெரும்பாலானவை ஒரே மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைத் திரும்பிப் பார்த்து எழுதியவை. சில பத்துக் குழந்தைகள், வெவ்வேறு மருத்துவர்கள், வெவ்வேறு காலம். எந்த முறை மேல் என்று சமமான இரு குழுக்களாகப் பிரித்துச் சோதித்தவை மிக அரிது; நோயே அரிதாக இருப்பதால் அது எளிதும் அன்று. ஓராண்டு பார்த்துவிட்டுத் திரும்பவில்லை என்று எழுதுவதும், பத்தாண்டு பார்த்துவிட்டு எழுதுவதும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. மறுபடி வீங்கிய குழந்தையின் பெற்றோர் நம்பிக்கை இழந்து வேறு மருத்துவமனைக்குப் போயிருந்தால், முதல் மருத்துவமனையின் கணக்கில் அது வெற்றியாகவே பதிவாகியிருக்கும்.

இன்னொரு குறை, நோய் திரும்பியதா என்பதை மட்டும் எண்ணுவது. குரல் கம்மியதா, தழும்பு தடித்ததா, எத்தனை முறை மயக்க மருந்து கொடுக்கப்பட்டது, எத்தனை நாள் பள்ளி தவறியது, சட்டைக் காலரால் கழுத்தை மறைக்கும் பழக்கம் குழந்தைக்கு வந்துவிட்டதா? வாழ்க்கை இந்தக் கணக்குகளால் ஆனது. தழும்பை மறைக்கக் காதின் பின்னிருந்து கருவி செலுத்தும் முறைகள் இப்போது வந்திருக்கின்றன. வரவேற்கலாம். ஆனால் தழும்பை மறைக்கும் ஆசையில் பாதையின் ஒரு பகுதி பார்வைக்கு எட்டாமல் போனால், மிச்சப்பட்ட தழும்புக்குப் பதில் இரண்டாவது அறுவை கிடைக்கும். அழகு, முழுமைக்கு அடுத்த இடத்தில்தான் நிற்க வேண்டும்.

எல்லாக் குழந்தைக்கும் அறுவை வேண்டுமா என்ற கேள்வியும் நேர்மையானது. இறந்த பெரியவர்களின் உடல்களை ஆராய்ந்தபோது நூற்றுக்கு ஏழு பேரிடம் தைராய்டுக் குழாயின் எச்சம் இருந்தது. அவர்கள் அதை அறியாமலேயே வாழ்ந்து முடித்திருந்தார்கள். காதின் முன்னால் உள்ள, ஒருமுறையும் சீழ் பிடிக்காத குழியை அப்படியே விடலாம் என்பது பெரும்பாலான மருத்துவர்களின் நிலை. ஆனால் கட்டியாகவோ ஒழுகும் துளையாகவோ வெளிப்பட்டுவிட்ட கழுத்துக் குழல் வேறு நிலைக்குப் போய்விட்டது. அது தானாக மூடுவதில்லை. தொற்று ஒருநாள் வரக்கூடும். வந்தபின் அறுவை கடினமாகும். வயது வந்தபின் நூற்றில் ஒருவர் என்ற அளவில் தைராய்டுக் குழாய்க் கட்டியில் புற்றுநோயும் தோன்றுகிறது. கைக்குழந்தையாக இருந்தால், மயக்க மருந்தைத் தாங்கும் வலு வரும்வரை பொறுக்கலாம். அதற்குமேல் தள்ளிப்போடுவதால் நன்மை இல்லை.

பெற்றோர் கேட்க வேண்டியவை

நான் இந்த அறுவைகளை ஏற்கிறேன். உரிய கையில் உரிய நேரத்தில் செய்தால் குழந்தை மருத்துவத்தின் நிறைவான வெற்றிகளில் இவற்றுக்கு இடமுண்டு என்றும் நம்புகிறேன். என் எதிர்ப்பு அவசரத்துக்கும் அரைகுறைக்கும் மட்டுமே. ஆகவே கழுத்தில் துளையோ கட்டியோ உள்ள குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும் பெற்றோர் தயங்காமல் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். தைராய்டு அதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டீர்களா? கட்டியை மட்டும் எடுப்பீர்களா, எலும்பின் நடுத்துண்டையும் மேலுள்ள திசுவையும் சேர்த்தா? இடப்பக்கம் திரும்பத் திரும்ப வீங்குகிறதே, தொண்டைக்குள் உள்நோக்கி வைத்துப் பார்த்தீர்களா? காது கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டுமா? இப்போதே கீற வேண்டுமா, மருந்து கொடுத்துப் பொறுக்கலாமா? இந்த அறுவையை நீங்கள் எத்தனை குழந்தைகளுக்குச் செய்திருக்கிறீர்கள்?

கேட்பதால் எந்த நல்ல மருத்துவரும் கோபிக்க மாட்டார். அவர் மனத்திலும் முதலில் ஓடும் கேள்விகள் இவையே. தான் அதிகம் செய்திராத அறுவை என்றால் செய்தவரிடம் அனுப்பிவைப்பதும் அவருடைய திறமையில் சேர்ந்ததுதான்.

குழந்தையின் கழுத்தில் திசுத்தளங்கள் தெளிவாக, வடு இல்லாமல், நரம்பும் தமனியும் குழலும் தனித்தனியே தெரியும்படி இருப்பது ஒரே ஒரு முறைதான்: அதை யாரும் தொடுவதற்கு முன்னால். இரண்டாவதாக வருபவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் அந்தக் கழுத்து அவருக்குக் கிடைப்பதில்லை. சிஸ்ட்ரங்க் நூறாண்டுக்கு முன் எழுதிவைத்த அறிவு முதலில் கத்தி எடுப்பவரிடம் இருந்தால், பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டாவது கத்தியே தேவைப்படாது.